சங்கதி பாஸ்தாத் தண்ணீரில் இருக்கிறது

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எட்டு மணிக்குள் சாப்பாடு தட்டில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு சமையல் உண்டு. சாசேஜும் ப்ரோக்கோலியும் போட்ட பாஸ்தா. ஒரு பாத்திரம், ஒரு வாணலி, அரை மணி நேரம். கழுவ வேண்டியதும் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நான் இதைச் செய்த விதம் வேறு. பாஸ்தாவை வேகவைப்பேன். தண்ணீரை முழுவதும் தொட்டியில் கொட்டிவிட்டு, ஒட்டாமல் இருக்கட்டும் என்று குழாயடியில் காட்டி அலசி வைப்பேன். அப்புறம் சாசேஜை வறுத்து, காயை வதக்கி, பாஸ்தாவை அதில் கொட்டிப் புரட்டுவேன். பசிக்கு இறங்கும். ஆனால் தட்டைப் பார்த்தால் பாஸ்தா வறண்டு கிடக்கும், சாசேஜ் துண்டுகள் ஒரு பக்கம் ஒதுங்கும், அடியில் எண்ணெய் தனியாகத் தேங்கி நிற்கும். எல்லாமே நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. அவற்றைச் சேர்த்து வைக்கக்கூடிய பொருளை நான் தினமும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பாஸ்தா வெந்த தண்ணீரைச் சொல்கிறேன். புதிதாகச் செய்பவர் இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும். அதனால் செய்முறைக்குப் போகும் முன் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

தண்ணீர் ஏன் கலங்குகிறது

சோறு வடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. அரிசி வெந்த நீர் ஆறினால் கெட்டியாகும், மேலே ஏடு படியும். அந்த வடிகஞ்சியில்தான் பருத்திப் புடவையை முக்கி மொடமொடப்பாக்குவார்கள். பாஸ்தா வெந்த தண்ணீரும் கஞ்சிதான். கொஞ்சம் நீர்த்த கஞ்சி, அவ்வளவுதான்.

கடையில் வாங்கும் உலர்ந்த பாஸ்தா, டூரம் என்ற கெட்டியான கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்தது. இடியாப்பம் பிழிவது போலத்தான், அச்சு மட்டும் வேறு. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் கோதுமையில் புரதம் அதிகம். பிசையும்போது புரதம் ஒரு வலைபோலப் பின்னிக்கொள்கிறது. மாவுச்சத்து, பொடிப் பொடி மணிகளாக அந்த வலைக்குள் அகப்பட்டிருக்கிறது. கொதிக்கும் நீரில் போட்டதும் மேற்பரப்பில் இருக்கும் மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி, உடைந்து, மாவுச்சத்தை வெளியே விடுகின்றன. உள்ளே இருப்பதை வலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் பாஸ்தா குழையாமல் வேகிறது, தண்ணீர் மட்டும் கலங்குகிறது. மைதாவில் செய்த மலிவுப் பாஸ்தாவில் இந்த வலை பலவீனம். ஒரு நிமிடம் கூடினாலும் கூழாகிவிடும். வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பி, டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சமையலில் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, இந்தக் கலங்கல் நீரால் என்ன பயன்? ரசத்தில் ஒரு சொட்டு நெய் விட்டுப் பாருங்கள். மேலே வட்டம் வட்டமாக மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் திரும்ப வந்து கூடிக்கொள்ளும். அதே நெய்யைக் குழைய வெந்த பருப்பில் விட்டுக் கடைந்தால் எங்கே போனது என்றே தெரியாது. பருப்பு முழுக்க நெய் மணம்தான் இருக்கும், நெய்யைத் தனியாகக் காண முடியாது. வாணலியில் நடப்பதும் இதுதான். சாசேஜிலிருந்து உருகிய கொழுப்பும் ஆலிவ் எண்ணெயும் ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். வெறும் தண்ணீரென்றால் இரண்டும் ஒட்டாது. மாவுச்சத்து கரைந்த தண்ணீரென்றால் அது கொழகொழப்பாக இருக்கும். அதில் எண்ணெயைப் போட்டு வேகமாகக் கிளறும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக உடைகிறது. உடைந்த துளிகள் மறுபடி ஒன்றுசேர முடியாதபடி மாவுச்சத்து நடுவில் நிற்கிறது. இரண்டும் கலந்து பளபளப்பான, பாஸ்தாவின் மேல் மெல்லப் படியும் ஒரு குழம்பாகிவிடும். கிரீம் வேண்டாம், மைதா கரைத்து ஊற்ற வேண்டாம், புட்டியில் விற்கும் சாஸும் வேண்டாம்.

இதைப் புரிந்துகொண்டால், செய்யக் கூடாதவை தாமே விளங்கும். வேகும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றக் கூடாது. எண்ணெய் மேலேதான் மிதக்கும், உள்ளே பாஸ்தா ஒட்டுவதைத் தடுக்காது. வடிக்கும்போது மட்டும் பாஸ்தாவின் மேல் பூசிக்கொள்ளும், பிறகு குழம்பு அதன்மேல் பிடிக்காமல் வழுக்கும். பாஸ்தா ஒட்டுவது முதல் இரண்டு நிமிடங்களில்தான், மேற்பரப்பு பசையாக இருக்கும் நேரத்தில். அந்த இரண்டு நிமிடம் நின்று கரண்டியால் கிளறிவிட்டால் போதும். வெந்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசவும் கூடாது. குழம்பைப் பிடித்துக்கொள்ளும் பசையைக் கழுவி விட்டுவிடுகிறீர்கள். ஆறவைத்துச் சாலட் செய்வதாக இருந்தால் அது வேறு கதை.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு இத்தாலியர்கள் சொல்லும் கணக்கு எளிதாக நினைவில் நிற்கும்: நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. இதில் நான் இரண்டு மாற்றம் செய்துகொள்கிறேன். தண்ணீரைக் கொஞ்சம் குறைப்பேன், இரண்டு பேருக்கான 200 கிராமுக்கு ஒன்றரை லிட்டர். தண்ணீர் குறைந்தால் அதே மாவுச்சத்து குறைந்த நீரில் சேரும், கஞ்சி கெட்டியாகும். சீக்கிரம் கொதிக்கும் என்பது கூடுதல் லாபம். உப்பையும் குறைப்பேன், அந்த ஒன்றரை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, ஏறக்குறைய 12 கிராம். சாசேஜிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு நிறைய இருக்கிறது, தண்ணீரையும் வாணலியில் சுண்டவிடப் போகிறோம். ஆனால் உப்பே போடாமல் மட்டும் வேகவைத்துவிடாதீர்கள். பாஸ்தாவின் உள்ளே உப்பு ஏறுவதற்கு அது ஒன்றுதான் சமயம். உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்று சிலர் சொல்வார்கள். லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு கொதிநிலையை ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. உப்பு சுவைக்காகத்தான்.

பாரி நகரத்துச் சின்னக் காதுகள்

இந்தச் சமையலின் பிறந்த வீடு, வரைபடத்தில் பூட்ஸ் போலத் தெரியும் இத்தாலியின் குதிகால் பக்கம், பூலியா மாநிலம். அங்கே ஓரெக்கியெத்தே என்ற பாஸ்தாவை சீமெ தி ராபா என்ற கீரையோடு சேர்த்துச் செய்வார்கள். பழைய முறையில் அதில் இறைச்சி கிடையாது. பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய், உப்பில் ஊறிய நெத்திலி, அவ்வளவுதான். நெத்திலி இருந்த இடத்துக்கு சாசேஜ் வந்ததுதான் நாம் செய்யப்போகும் வகை.

ஓரெக்கியெத்தே என்றால் சின்னக் காதுகள் என்று பொருள். அந்த மாநிலத்தின் தலைநகரான பாரியில், பழைய ஊர்ப் பகுதியில் ஆர்கோ பாஸ்ஸோ என்று ஒரு சந்து இருக்கிறது. அங்கே பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இதைக் கையால் செய்து விற்கிறார்கள். ரவை மாவைக் கயிறுபோல உருட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் மழுங்கிய கத்தியை வைத்து மேசையோடு அழுத்தித் தன் பக்கம் இழுப்பார்கள். துண்டு சுருண்டு கத்தியோடு வரும். அதைக் கட்டைவிரல் நுனியில் போட்டு உள்வெளியாகத் திருப்பிவிட்டால் காது மடல் போல ஒரு கிண்ணம், வெளிப்பக்கம் சொரசொரப்பு. பார்ப்பதற்குள் அடுத்தது விழுந்திருக்கும். முட்டை சேர்ப்பதில்லை, ரவையும் தண்ணீரும்தான். கம்பிவலை போட்ட மரச்சட்டத்தில் பரப்பி அங்கேயே காயவைத்துவிடுவார்கள்.

இந்தக் கிண்ண வடிவம் வெறும் அழகுக்காக இல்லை. உதிர்ந்த சாசேஜும் மசிந்த காயும் அந்தக் குழிக்குள் போய் உட்காரும், சொரசொரப்பில் குழம்பு பிடிக்கும். நம் ஊர்க் கடைகளில் ஓரெக்கியெத்தே எளிதில் கிடைக்காது. சிப்பி வடிவப் பாஸ்தா அதற்கு மிக நெருக்கம். திருகு வடிவ ஃபூசிலியும் நல்லது, குழாய் வடிவப் பென்னேயும் பரவாயில்லை. ஸ்பகெட்டி மட்டும் இதற்கு வேண்டாம். நீள நூலில் உதிரிகள் நிற்காது, பாஸ்தாவைத் தின்று முடித்த பிறகு சாசேஜ் முழுவதும் தட்டின் அடியில் கிடக்கும்.

கீரைக்கு வருவோம். சீமெ தி ராபா டர்னிப் இனத்தைச் சேர்ந்தது, இலையும் தண்டும் மொட்டுமாகச் சாப்பிடுவது, நல்ல கசப்பு. கடுகு அதற்கு நெருங்கிய உறவு. ஆதியில் டர்னிப் இனமும் கருங்கடுகும் கலந்து உருவான செடிதான் நாம் தாளிக்கும் கடுகில் ஒரு வகை. அதனால் கடுகுக்கீரை கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் தயங்காமல் அதைப் போடலாம், கொழுப்பான இறைச்சிக்கு அந்தக் காட்டமும் கசப்பும் பொருத்தமாக இருக்கும். மற்றவர்களுக்கு ப்ரோக்கோலி. கசப்பு குறைவு, குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

சாசேஜ் என்று எதை வாங்குவது

குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான். கடையின் குளிர்ப்பெட்டியில் சாசேஜ் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள் இருக்கிறது.

ஒன்று பச்சை சாசேஜ். கொத்திய இறைச்சியில் உப்பும் மசாலாவும் சேர்த்துத் தோலுக்குள் அடைத்தது, வேகாதது, தொட்டால் மெத்தென்று இருக்கும். இத்தாலியில் சல்சிச்சா என்றால் பெரும்பாலும் இதுதான். பன்றி இறைச்சி, உப்பு, மிளகு, சில ஊர்களில் மிளகாய், அப்புறம் சோம்பு. ஆமாம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே சோம்புதான். அமெரிக்காவில் இத்தாலியன் சாசேஜ் என்று விற்பதை மற்ற சாசேஜிலிருந்து பிரித்துக் காட்டுவதே இந்தச் சோம்பு வாசனைதான். முதன்முதலில் அதைச் சாப்பிடும் தமிழர் பலருக்கும் ஏதோ பழகிய ருசிபோல இருக்கும், காரணம் சட்டென்று பிடிபடாது.

தென் இத்தாலியில் இது மிகப் பழைய பண்டம். அங்குள்ள லுகானியா என்ற பகுதி மக்களிடமிருந்து ரோமப் படைவீரர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள், அதனால்தான் லுகானிகா என்று பெயர் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் வாரோ என்ற ரோம அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்குக் கிரேக்கர்கள் சொல்லும் லுகானிகோ, ஸ்பானியர்கள் சொல்லும் லோங்கனிசா எல்லாம் அந்தப் பெயரின் வழிவந்தவை.

இன்னொன்று வெந்த சாசேஜ். இறைச்சியைக் கூழாக அரைத்து, அடைத்து, ஆலையிலேயே வேகவைத்துவிட்டது. ஹாட் டாக்கில் வைப்பது இந்த வகை, இந்தியக் கடைகளில் கிடைக்கும் சிக்கன் சாசேஜ் பலவும் இப்படித்தான். அழுத்தினால் ரப்பர்போலத் திருப்பித் தள்ளும். இதை உதிர்க்க முடியாது. கால் அங்குல வில்லைகளாக வெட்டி வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்கவிட வேண்டும். கொழுப்பும் அவ்வளவாக இறங்காது, எண்ணெயைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். செய்யலாம், கெட்டுப்போகாது. ஆனால் நான் சொல்லும் குழம்பு இதில் முழுதாக வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பச்சை சாசேஜ் கிடைக்கவில்லை, அல்லது பன்றி இறைச்சி வீட்டில் ஆகாது என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. தோலை உரித்து உதிர்க்கத்தான் போகிறோம் என்னும்போது தோல் எதற்கு? கால் கிலோ கோழிக் கொத்துக்கறி, தொடைப்பகுதியாக இருந்தால் நல்லது. அதில் ஒன்றிரண்டாகத் தட்டிய சோம்பு ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மிளகு, நசுக்கிய வற்றல் மிளகாய் ஒன்று, ஒரு பல் பூண்டு விழுது, முக்கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து, கை பிசுபிசுவென்று ஒட்டும் வரை பிசைந்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு இறைச்சியின் புரதத்தைக் கொஞ்சம் கரைத்துப் பசையாக்குகிறது. சாதாரணக் கொத்துக்கறி வறுத்தால் பொடியாகச் சிதறும், இது சின்னச் சின்ன உருண்டையாக, கடித்தால் சாறு வரும்படி நிற்கும். சாசேஜ் என்பதன் சாரம் அந்த உப்பும் பிசைவும்தான். காலையில் பிசைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனால் இன்னும் நல்லது. ஆட்டுக்கறியிலும் இதே கணக்கு.

உறைந்த சாசேஜாக இருந்தால் காலையிலேயே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். சமையல் மேடையில் நாள் முழுக்கக் கிடக்க விடாதீர்கள்.

இனி அடுப்படி

இரண்டு பேருக்கு: பாஸ்தா 200 கிராம், பச்சை சாசேஜ் 200 முதல் 250 கிராம், நடுத்தர ப்ரோக்கோலி ஒன்று, பூண்டு நான்கு பல், வற்றல் மிளகாய் ஒன்றோ இரண்டோ, ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, துருவிய சீஸ் ஒரு கைப்பிடி. பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் இதற்கு மிகப் பொருத்தம், பார்மெசானும் நன்றாக இருக்கும். பீட்சாவின் மேல் போடும் மொட்சரெல்லா இதற்கு ஆகாது, நூல் நூலாக இழுத்துக்கொண்டு திரளும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உடை மாற்றுவதற்கும் முன்னால், தண்ணீரை அடுப்பில் ஏற்றி மூடிவைப்பது. கொதிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் காய் நறுக்கும் வேலை முடிந்துவிடும். ப்ரோக்கோலியின் பூக்களைச் சின்னதாக, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிரியுங்கள். தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே இருக்கும் நார்த் தோலைச் சீவினால் உள்ளே இளம்பச்சையாக, நூக்கல் போல இனிப்பான சதை இருக்கும், அதுவும் பொடியாக அரிந்து சேரட்டும். பூண்டை மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள், நசுக்க வேண்டாம்.

வாணலி அகலமாக இருக்கட்டும், கடைசியில் பாஸ்தா முழுவதும் அதில்தான் வர வேண்டும். இருப்புச்சட்டி இருந்தால் மிக நல்லது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் காய்ந்ததும் சாசேஜைத் தோலைக் கீறி உரித்து, விரலால் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இதுதான் கஷ்டம். கை தானாகக் கரண்டியைத் தேடும். ஆனால் கிளறிக்கொண்டே இருந்தால் இறைச்சி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் இருக்கும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, இறைச்சி சிவந்து மணம் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் சத்தம் மாறும். முதலில் சளசளவென்று இருந்தது சடசடவென்று ஆகும். தண்ணீர் போய் வறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது புரட்டிவிட்டு, பெரிய துண்டுகளைக் கரண்டி முனையால் உடைத்து, இன்னும் மூன்று நான்கு நிமிடம். உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு: பன்றி, ஆட்டு இறைச்சிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74.

வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். தீய்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கறுப்பாக இல்லாதவரை அதுதான் இந்தக் குழம்பின் ருசி முழுவதும்.

அடுப்பை நன்றாகக் குறைத்து, சாசேஜை ஒரு பக்கம் ஒதுக்கி, மிச்ச எண்ணெயை விட்டு அதில் பூண்டையும் கிள்ளிய மிளகாயையும் போடுங்கள். நம் தாளிப்புப் பழக்கத்துக்கு நேர்மாறான இடம் இது. எண்ணெய் புகைய, பொரியப் பொரியத் தாளிக்கக் கூடாது. பூண்டு சிறு தீயில் மெல்ல வெந்து ஓரம் மட்டும் பொன்னிறமானால் போதும், சிவந்துவிட்டால் கசக்கும். வெந்த சாசேஜ் பயன்படுத்துகிறவர்கள் தட்டிய சோம்பையும் இந்த நேரத்தில் போட்டுவிடலாம், இல்லாத வாசனை வந்துவிடும்.

இதற்கிடையில் தண்ணீர் கொதித்திருக்கும். சாசேஜ் வாணலியில் விழுந்த கையோடு உப்பையும் பாஸ்தாவையும் தண்ணீரில் போட்டு, முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டிருக்க வேண்டும். ப்ரோக்கோலி அதே பாத்திரத்தில்தான் வேகப்போகிறது, பூலியாவில் கீரையையும் இப்படித்தான் செய்வார்கள். பாஸ்தாவை எடுக்க நான்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காயை உள்ளே போடுங்கள். இன்னொரு பாத்திரம் மிச்சம் என்பது ஒரு காரணம். முக்கியக் காரணம், காயை இறைச்சியோடு வாணலியில் போட்டால் அது விடும் தண்ணீரில் சாசேஜ் சிவக்காது. கறக்கென்று கடிபடும் ப்ரோக்கோலியே பலருக்குப் பிடிக்கும், எனக்கும் வேறு சமையலில் பிடிக்கும். ஆனால் இதில் கரண்டியால் அழுத்தினால் மசிகிற பதத்துக்கு வேகவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பூவின் பச்சைப் பொடிகள் உதிர்ந்து குழம்பில் கலந்தால்தான் காயும் பாஸ்தாவும் ஒன்றாகும். பட்டாணி என்றால் கடைசி இரண்டு நிமிடம், பசலைக்கீரை என்றால் அரை நிமிடம். குடைமிளகாயும் காளானும் மட்டும் விதிவிலக்கு. அவை தண்ணீரில் ருசியை இழந்துவிடும், சாசேஜை வறுத்து எடுத்துவிட்டு அதே வாணலியில் வதக்குங்கள்.

பாஸ்தாவை எப்போது எடுப்பது? பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால். ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது இன்னும் இருக்க வேண்டும். அல் டென்டே என்று சொல்வது பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும் பதத்தைத்தான், ஆனால் நாம் அதற்கும் ஒரு படி முன்னால் எடுக்கிறோம். மிச்ச வேக்காடு வாணலியில் நடக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் பாஸ்தா குடிக்கும் நீர் வெறும் உப்புத் தண்ணீராக இருக்காது, சாசேஜும் பூண்டும் இறங்கிய குழம்பாக இருக்கும்.

வடிகட்டியை எடுக்காதீர்கள். முதலில் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கலங்கல் தண்ணீரை மொண்டு பக்கத்தில் வையுங்கள். அதில் ஒரு கரண்டியை வாணலியில் ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிடுங்கள். சுர்ரென்று பொங்கி எல்லாம் கரைந்துவிடும். பிறகு ஓட்டைக் கரண்டியால் பாஸ்தாவையும் ப்ரோக்கோலியையும் அள்ளி நேராக வாணலியில் போடுங்கள், கொஞ்சம் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தால் நல்லதுதான். தீயைக் கூட்டி இன்னும் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள், வாணலியைக் குலுக்குங்கள். இறைச்சிக்குக் கையைக் கட்டச் சொன்னேன், இங்கே கை ஓயவே கூடாது. எண்ணெய் உடைந்து கலப்பது இந்த அசைவினால்தான். முதலில் தண்ணீர் தனியாக ஓடுவது போலவும் அதிகமாக ஊற்றிவிட்டது போலவும் தோன்றும். ஒரு நிமிடத்தில் நுரைத்து, நிறம் வெளுத்து, கரண்டியின் பின்பக்கத்தில் படியும். வாணலியைச் சாய்த்தால் பாஸ்தாவுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்து வரும். அதுதான் பதம். இறுகிவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், நீர்த்திருந்தால் இன்னும் அரை நிமிடம் தீ.

அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துத்தான் சீஸ். கொதிக்கும்போது போட்டால் சீஸின் புரதம் சுருண்டு கட்டியாகத் திரண்டுவிடும், எண்ணெய் பிரிந்துவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் சீஸும் மிளகும் மட்டுமே போட்டுச் செய்யும் பாஸ்தாவை எடுத்துக்கொண்டு இந்தத் திரளலை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சீஸின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் கட்டி விழுகிறது, இரண்டு மூன்று பங்கு இருந்தால் சூட்டைத் தாங்கி நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, 2025இல் இயற்பியலுக்காக அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. பாட்டிமார் தண்ணீரை மொண்டு வைத்த காரணம் எண்ணிக்கையில் வந்துவிட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சீஸைத் தூவிக் கலக்கி, உப்புப் பார்த்து, வேண்டுமானால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கோழி சாசேஜ் என்றால் எலுமிச்சை கட்டாயம் என்பேன். தட்டைக் கொஞ்சம் சூடாக வைத்திருந்தால் குழம்பு சீக்கிரம் இறுகாது. பாத்திரத்தில் மிஞ்சிய சுடுதண்ணீரை இரண்டு தட்டிலும் ஊற்றிக் கொட்டினாலே போதும்.

தட்டில் போட்ட ஐந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டிய உணவு இது. ஆற ஆற மாவுச்சத்து இறுகி, பாஸ்தா குழம்பைக் குடித்துவிடும். யாராவது வரத் தாமதமானால் அவர்கள் பங்கைக் கலக்காமல், சாசேஜ் குழம்பைத் தனியாக வையுங்கள், வந்த பிறகு பாஸ்தா போட்டுக்கொள்ளலாம். கலந்தது மிஞ்சிவிட்டால் மறுநாள் மைக்ரோவேவில் அப்படியே வைக்காதீர்கள், எண்ணெய் பிரிந்து வறண்டுவிடும். டம்ளரில் மிஞ்சிய பாஸ்தாத் தண்ணீரைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்தால் அதில் நான்கு மேசைக்கரண்டி, இல்லையென்றால் வெந்நீர், வாணலியில் விட்டுக் கொதிக்கவைத்து, பாஸ்தாவைப் போட்டு மூடி இரண்டு நிமிடம், திறந்து கிளறி ஒரு நிமிடம். பழைய பளபளப்பு முழுதாக வராது, ஆனால் முக்கால்வாசி வந்துவிடும்.